மிலோய்காவின் நனைந்த கோட்டு

எங்கள் காகித ஆலையில் மிலோய்காவைக் கண்டால் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவோம். அவள் வேலை என்னவோ சின்னதுதான். விரல் அகலத் தாள் துண்டை இயந்திரத்தில் மாட்டுவாள். அறுந்து விழும்வரை அது இப்படியும் அப்படியும் மடிக்கும். மலையேறிகளின் வரைபடத் தாள் ஆயிரம் மடிப்பாவது தாங்கவேண்டும். தொள்ளாயிரத்துத் தொண்ணூறா? போச்சு, மொத்தமும் திரும்பக் காகிதக் கூழாக்கத்தான்.

சோதனை அறைக்குள் காபி கூடாது, சூப் கூடாது. ஈரக்காற்று பட்டால் தாள் இளகிக் கூடுதலாக மடியும், கணக்கு பொய்யாகிவிடும். ஒருமுறை உள்ளே நின்று சிரித்துத் தொலைத்தேன். "வாயை மூடுடா, உன் மூச்சுலயே அம்பது மடிப்பு ஏறும்!" என்று விரட்டினாள் மகராசி.

அந்த வியாழக்கிழமை ஆயிரத்து நாற்பது வந்தது. ஃபோர்மேன் வின்கோவுக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை அவர் மகள் நேஜாவுக்குக் கல்யாணம். சரக்கு லாரியில் ஏறும்போது மிலோய்கா ஓடி வந்தாள், கையில் சொட்டச் சொட்டக் கம்பளிக் கோட்டு.

"இறக்குங்க! மழையில நனைஞ்சதை அறைக்குள்ளயே மாட்டிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"யாரு பார்த்தா? பேசாம இரு தாயே!" வின்கோ கெஞ்சினார்.

"நான் பார்த்தேனே."

அறையை உலர்த்தி மறுநாள் சோதித்தாள். எண்ணூற்று அறுபது. திங்களன்று சரக்கு போயாகவேண்டும். ஆகவே புதுத் தாள் செய்யக் கல்யாண நாளிலும் வேலை. வின்கோ அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் ஆத்திரம்தான், பொய் சொல்வானேன்.

சனிக்கிழமை வின்கோ சர்ச்சுக்கு ஓடி, மோதிரம் மாற்றியதைப் பார்த்த கையோடு அரைமணியில் வந்துவிட்டார். மத்தியானம் கல்யாணக் கூட்டமே அக்கார்டியன், கேக் சகிதம் ஆலைக்கு வந்து இறங்கியது. வின்கோ மிலோய்காவை ஏசத் தொடங்கியதும் நேஜா குறுக்கே வந்தாள்.

"அப்பா, மலையில பனிமூட்டத்துல வழி தப்பினவங்களைத் தேடிப் போறது உன் மாப்பிள்ளைதான். அங்க அவர் பிரிக்கிற வரைபடம் மடிப்புல கிழிஞ்சிருந்தா?"

வின்கோ மாப்பிள்ளையைப் பார்த்தார்.

அந்நேரம் மிலோய்கா புதுத் தாளின் சோதனை முடிவோடு வெளியே வந்தாள். "ஆயிரத்து நூத்திப் பத்து!"

நாங்கள் போட்ட கூச்சலில் கூரை அதிர்ந்தது. கேக் வெட்டக் கத்தியும் வந்துவிட்டது. வின்கோ மட்டும் அசையவில்லை.

"மிலோய்கா, இன்னொரு தடவை போட்டுப் பாரும்மா," என்றார். "நாங்க காத்திருக்கோம்."