மாம்பூவும் ஒரு ரெக்கார்டரும்

கேரள எல்லையில், முதலமடையில் எங்கள் மாந்தோப்புக்குள் கிடக்கும் கயிற்றுக் கட்டிலில் அவள் அந்த ரெக்கார்டரை வைத்ததும், அதன் ஓரத்தில் சிவப்புப் பொட்டாக ஒரு வெளிச்சம் எரிந்தது. அவள் முகத்தைப் பாராமல் அதையே பார்த்துக்கொண்டுதான் பேசினேன். பாலக்காட்டிலிருந்து வந்த பத்திரிகைக்காரப் பெண். மழையும் வெயிலும் முறைதவறிப் போனதைப் பற்றி எழுதுகிறாளாம். அதைப் படித்தவர்களிடம் கேட்காமல், பாதியில் பள்ளிக்கூடத்தை விட்ட என்னிடம் எதற்குக் கேட்க வேண்டும்? பூவுக்கு அளவு மீறி மருந்தடிப்பதைத் துப்பறிய வந்தவளோ என்று நினைத்தேன். அவள் ஒரு பூங்கொத்தைக் கிள்ளி முகர்ந்தபோது அது உறுதியாகிவிட்டது போலிருந்தது.

ஆனால் அவள் கேட்டது வேறு. “சேச்சிக்கு எதைக் கண்டா பேடி?”

எதைக் கண்டால் பயம் என்று என்னை யாரும் கேட்டதில்லை. மார்கழியில் மேகம் கூடினால் எனக்குச் சோறு இறங்காது. வாசலுக்கும் தோப்புக்கும் நடந்துகொண்டே இருப்பேன். “எங்கூட்டுல மேகத்துக்குக் காவல் போட்டிருக்குதுங்க” என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார் என் வீட்டுக்காரர். பனி மட்டுமே இறங்கிய பூக்காலத்தில் இப்போது தூறல் விழுவதையும், மரம் நிறையப் பூத்தது கருகிக் கொட்டுவதையும் அவளிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன்.

பேப்பரில் வந்தது மலையாளத்தில். பேச வரும், எழுத்து தெரியாது. வானத்தைப் பார்த்தபடி வாய் பிளந்து நிற்கும் என் படம் மட்டும்தான் புரிந்தது. பூவைப் பார்த்து ஆண்டுதோறும் எங்கள் தோப்பைக் குத்தகைக்கு எடுக்கும் வியாபாரிதான் அதைப் படித்துக் காட்டினார். “ஏனுங்கக்கா, பூ நிக்கறதில்லைன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்க. அப்புறம் எந்த நம்பிக்கையில நான் தோப்பைப் புடிக்கறது?” பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எங்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு அந்தக் குத்தகைதான். அன்றைக்கு வீட்டுக்காரர் கேலி பேசவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அவளுக்குப் போன் போட்டு, “என்னைய வித்துப்போட்டியே கண்ணு” என்றேன். இதையும் பதிவு செய்கிறாளோ என்று வெடுக்கென்று வைத்துவிட்டேன்.

பக்கத்துத் தோப்புப் பங்காளி கெட்டிக்காரர். அவள் கேட்டதற்கு, “எல்லாம் சொகமுங்க” என்று நகர்ந்தவர். வியாபாரி அவர் தோப்பையும் எடுக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பேப்பர் வருவதற்கு முன்பே அந்த வியாபாரி இரண்டு தோப்புக்குள்ளும் கருகிய பூவை அண்ணாந்து பார்த்தபடி நடந்துவிட்டுப் போயிருக்கிறார். மனசு கொஞ்சம் ஆறியது. ஆனாலும் அவள் மீதிருந்த சந்தேகம் முழுதாகப் போகவில்லை.

இந்த வருஷமும் பூ வந்திருக்கிறது, மேகமும் வந்திருக்கிறது. நேற்று அவள் வந்து, அதே கட்டிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “சும்மா பார்க்கத்தான் வந்தேன் சேச்சி.”

“பைக்குள்ள எரியுதா?” என்றேன்.

அவள் பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். சீப்பு, தண்ணீர்ப் பாட்டில், அணைந்து கிடந்த ரெக்கார்டர். பங்காளி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரெக்கார்டரை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

“எரிய வையி கண்ணு. அண்ணா, நீங்களும் வாங்க.”

அவர் வந்து உட்கார்ந்தார். சிவப்புப் பொட்டை முறைத்துப் பார்த்துவிட்டு முதல் கேள்வியை அவரே கேட்டார்: “மருந்தடிக்கறதை எழுத மாட்டீங்கல்ல?”

மேலே மேகம் இருட்டிக்கொண்டு வந்தது.