இது தேமல் இல்லை, குணம் அண்ணை

போன சனிக்கிழமை குணம் அண்ணை மண்வெட்டியோடு எங்கள் பின்வளவில் வந்து நின்றார். என் ஃபுக்சியாச் செடியைக் கிண்டி எறிய. கூப்பிட்டது யார் என்கிறீர்கள்? வேறு யார், என் வீட்டுக்காரர்தான்.

குணம் அண்ணை ஊரில் விவசாயப் போதனாசிரியர். இங்கே ஹொல்ஸ்டெப்ரோ என்ற டேனிஷ் ஊரில் கோழி ஃபாக்டரியில் வேலை. ஆனாலும் எங்கள் ஆட்கள் யார் வீட்டில் மிளகாய்க் கன்று வாடினாலும் அவரைத்தான் கூட்டி வருவார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்தச் செடியை நான் போன கோடையில் வாங்கினேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு உடுப்பு, கட்டில், சட்டி எல்லாம் யாரோ தந்தவைதான். நானாக ஆசைப்பட்டு வாங்கிய முதல் சாமான் இது. பூ ஜிமிக்கி மாதிரித் தொங்கும். ஆனால் நான் மயங்கியது இலையில் – நடுவில் பச்சை, ஓரம் வெண்ணெய் நிறம், வெயில் பட்டால் லேசாக ரோஸ். பனிக்காலத்தில் மேலே செத்துவிடும், வேர் சாகாது, பிந்தித்தான் முளைக்கும் என்று கடைக்காரப் பெண் டேனிஷிலும் கையாலுமாக விளங்கப்படுத்தினாள். முழுப் பச்சையாக ஒரு கிளை வந்தால் உடனே வெட்டு, விட்டால் மற்றதையெல்லாம் அது விழுங்கிவிடும் என்றும் சொன்னாள்.

வாங்கி வந்த அந்தக் கோடையிலேயே குணம் அண்ணை இலையைப் புரட்டிப் பார்த்தார். இலை வெளுக்கிற தேமல் நோய் என்றார். பிடுங்கி எரிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ஜன்னலடி மிளகாய்க் கன்றுகளுக்கும் தொற்றுமாம்... தீர்ப்பு முடிந்தது!

மாட்டேன் என்றேன். அதன் நிறமே அதுதான் என்றேன். யார் கேட்டார்கள்? ஆவணியில் ஒரு பச்சைக் கிளை வந்தது. நோய் சுகமாகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அவர் கண் முன்னாலேயே கத்தரிக்கோலை எடுத்து அதை வெட்டினேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் அவர் தேத்தண்ணி குடிக்கவில்லை.

பிறகு பனி. செடி வெறும் சுள்ளியானது. வைகாசி பிறந்தும் சுள்ளிதான். பக்கத்து டேனிஷ்காரர் வளவெல்லாம் பூத்துக் குலுங்க, எங்கள் வளவில் மட்டும்... எனக்கே உள்ளுக்குள் பயம்தான். காட்டிக்கொள்ளலாமா? அந்த இடத்தில் கீரை போடலாம் என்று வீட்டுக்காரர் நச்சரித்தார். கடைசியில் மண்வெட்டி வந்தது.

நான் வேலைச் சப்பாத்தோடேயே ஓடிப்போய்ச் சுள்ளியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"விலத்துங்கோ தங்கச்சி. செத்ததை வைச்சு என்ன செய்யப் போறியள்?"

"செத்தது எண்டால் வேரைக் காட்டுங்கோ அண்ணை. மண்வெட்டி வேண்டாம். கையால கிண்டுங்கோ."

ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு முழங்காலில் நின்று, விரலால் மெதுவாக மண்ணை விலக்கினார். பழகிய கை அல்லவா? ஒரு வேர்கூட அறவில்லை. சுள்ளியின் அடியில் மூன்று முளைகள். மூன்றும் ரோஸ் நிறம்.

விலக்கிய மண்ணைத் தானே திருப்பி மூடினார்.

"நான் படிச்ச புத்தகத்தில இப்பிடி ஒண்டு இல்லை, தங்கச்சி."

புத்தகத்தில் இல்லை என்பதற்காகப் பிடுங்கிவிட முடியுமா? இந்த நாட்டுப் புத்தகத்தில் நாங்கள் மட்டும் இருக்கிறோமா என்ன?