தவிட்டுக்கு விற்ற பிள்ளை

பிள்ளையைத் தவிட்டுக்கு விற்கப்போகும் சகோதரிகள் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் யோசியுங்கள்.

நாங்கள் மலாயாவில், ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டுகிறவர்கள். முதல் இரண்டு குழந்தைகளையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தோம். மூன்றாவதாகப் பிறந்த வள்ளியாவது தங்கட்டும் என்று, எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் முன்னால் ஒரு முறம் தவிட்டுக்கு என் மாமியாரிடம் விற்றோம். வெறும் சடங்குதான். விற்ற பிள்ளை பெற்றவளை அம்மா என்று கூப்பிடக்கூடாது என்பார்கள். அதனால் என்னை ‘அக்கா’ என்றும் மாமியாரை ‘அம்மா’ என்றும் கூப்பிடப் பழக்கினோம்.

ரப்பர் விலை விழுந்ததும் மாமனாரும் மாமியாரும் கப்பலேறி இந்தியாவுக்கு, ஊருக்கே கிளம்பினார்கள். வள்ளியையும் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். நானும் கணவரும் மறித்தோம்.

“தவிடு குடுத்து வாங்குனது நான். எம் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார் மாமியார்.

வழக்கு தோட்டத்து ஆபீசுக்குப் போனது. அங்கே கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி வள்ளியை முன்னால் நிறுத்தினார்.

“பிள்ளை, உன்ர அம்மா ஆர்? காட்டு.”

அவள் மாமியாரைக் காட்டினாள்.

“அப்ப இவ?”

“அக்கா.”

“ஐயா, அது சாங்கியத்துக்குச் சொல்லிக் குடுத்ததுங்க!” என்று கதறினேன்.

“பெத்தது நீ எண்டு எனக்கும் தெரியும். ஆனா வித்துப்போட்டாய். பிள்ளையே சொல்லிப்போட்டுது” என்றார்.

ரெங்கம் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது, “அக்கா, நீயும் வா” என்று வள்ளி கை நீட்டினாள். அதன்பின் அவளைப் பார்க்கவில்லை.

இப்போது மகன் பிறந்திருக்கிறான். தவிட்டோடு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவன் உடம்பு சுட்டால் உயிர் பதறுகிறது. ஆனாலும் என்னை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடப் பழக்குகிறேன். வள்ளி வாயால் அதை ஒரு தரம்கூட நான் கேட்டதில்லை.