ஈ டிரைவ்

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, பேச்சு போயிற்று. அவர் பேசியதெல்லாம் ஒரு பழைய ஹார்டு டிஸ்கில் மட்டும்தான் இருந்தது. குந்தாரப்பள்ளி சந்தையில் வீடியோ எடுத்துக்கொண்டே தெலுங்கில் ஆட்டுக்கு விலை பேசுவார். மகளை "குட்டிம்மா, இங்க பாரு" என்று கூப்பிடுவார். ஹாஸ்டலில் இருக்கும் மகள் போனில் அழுதாள். "அப்பா என்னைக் கூப்பிடுறத மட்டும் அனுப்பும்மா. அந்தக் குரல் மறந்துடும்போல இருக்கு."

அந்த டிஸ்கோ, செருகினாலே டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அது சாவதற்குள் புதியது ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றிவிட வேண்டுமென்று ஒரே பரபரப்பு எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடி வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். என் கம்பெனியில்தான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். பாகலூர்க்காரி, வீட்டில் கன்னடம். நாங்கள் பேசுவதில் எது தமிழ், எது கன்னடம் என்று எங்களுக்கே தெரியாது.

கம்ப்யூட்டருக்கு எந்த டிஸ்கில் என்ன இருக்கிறதென்ற அக்கறையே கிடையாது. C, D இரண்டையும் தனக்கு வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து முதலில் வந்ததற்கு E, அடுத்ததற்கு F என்று கொடுத்துவிடும், ரேஷன் கடை டோக்கன் மாதிரி. நான் பழையதை முதலில் செருகியிருந்தேன், புதியதை அடுத்து.

அந்தப் பெண் மேஜைமேல் இருந்த புது டிஸ்கை விரலால் தட்டினாள். "அக்கா, ஈ டிரைவ் ஃபார்மேட் மாடிபிடி. குக்கர் விசில் அடிக்குது, ஆஃப் பண்ணிட்டு ஓடியாரேன்."

மாடிபிடி என்றால் செய்துவிடுங்கள். ஈ என்றால் 'இந்த'. எனக்குத் தெரியாததா? கடை கடையாக ஏறி "ஈ சீரெ எஷ்டு" என்று சேலை விலை கேட்டு, கடைக்காரனை அழவைப்பவள் நான்! ஆனால் என் பாழாய்ப்போன கண் அவள் விரலில் இல்லை. திரையில் E என்று கொட்டை எழுத்தில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தது.

என் முதுகுக்குப் பின்னால் கட்டிலில், திரை தெரிகிறபடி படுத்திருந்தவர் டம்ளரால் ஸ்டூலைத் தட்டினார். தண்ணீர் வேண்டுமென்றால் அப்படித்தான் தட்டுவார்.

"இருங்க, வரேன்."

மறுபடி தட்டினார், வேகமாக.

"அட, எனக்கென்ன பத்து கையா இருக்கு? ஒரு நிமிஷம் பொறுக்கமாட்டீங்களா?" என்று திரும்பாமலே கத்தினேன்.

எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கம்ப்யூட்டர் கேட்டது. புதியதில் அழிய என்ன இருக்கிறது? ஓகே கொடுத்தேன்.

முடிந்ததும் E-யைத் திறந்தேன். காலி. F-ஐத் திறந்தேன். அதுவும் காலி.

கீழே வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ அக்கா! ஈ அந்த்ரே இது! நான் இதைத்தானே தொட்டுக் காட்டினேன்!"

அப்புறம் ஓசூரில் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தோம். "ஃபார்மேட் மட்டும்னா எடுத்துடலாம். டிஸ்கே போயிடுச்சும்மா" என்று கைவிரித்துவிட்டார் கடைக்காரர். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வேன்?

அன்று மத்தியானம், அவருக்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டாவது அழலாமென்று திரும்பினேன். எழுந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்தபடி இருந்தது. கையில் டம்ளர், தட்டித் தட்டி நசுங்கியிருந்தது. அவர் சட்டை, போர்வை, கட்டிலைச் சுற்றித் தரை, எல்லாம் ஈரம். டம்ளர் நிறைய தண்ணீரை வைத்துக்கொண்டுதான் தட்டியிருக்கிறார்.