எறும்பில் சிட்ரிக் அமிலம்

சனிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடம். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி பெருங்களத்தூர் ஸ்டேஷனை விட்டு அப்போதுதான் நகர்ந்தது, அதனால் நேரம் நினைவிருக்கிறது. கூடத்தில் பாய் விரித்து நானும் என் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் கையில் ஓர் அட்டைக் கட்டு. ஒவ்வொன்றாக எடுத்துக் கேள்வியைப் படிப்பேன். அவள் பதில் சொல்வாள். நான் அட்டையைத் திருப்பிப் பார்த்து "சரி" என்பேன்.

"எறும்பு கடித்தால் எரிகிறதே, அது எந்த அமிலம்?"

"சிட்ரிக் அமிலம்."

திருப்பினேன். சிட்ரிக் அமிலம் என்றுதான் இருந்தது. "சரி" என்றேன்.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி கையை நிறுத்தினாள். அவள் எட்டாவது வரை படித்தவள்.

"சிட்ரிக் ஆசிடா? அது ஸ்குவாஷ் போடறதுக்கு நான் வாங்கி வச்சிருக்கறதாச்சே. எலுமிச்சம்பழத்துல இருக்கறதுன்னு கடைக்காரரே சொன்னாரு. இத்தனை வருஷமா எறும்பையா கரைச்சுக் குடுத்தேன் உங்களுக்கு?"

மகள் சிரித்தாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்தது அன்றுதான். நானும் சிரித்துக்கொண்டே எலுமிச்சம்பழத்தின் அட்டையைத் தேடி எடுத்துத் திருப்பினேன். ஃபார்மிக் அமிலம் என்று இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவன் நான்.

திங்கட்கிழமை காலை அவளுக்குச் செலக்‌ஷன் பரீட்சை. பதினோராம் வகுப்பில் அதில் தேறாதவர்களைப் பொதுப் பரீட்சைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பாது. ஒரு வருடம் போய்விடும். முதல் தாளே விஞ்ஞானம். அந்த விஞ்ஞானத்தை அவள் படித்தது முழுவதும் இந்த அட்டைகளில்தான்.

அட்டைகள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் அவள் படித்த பெண்கள் பள்ளியின் விஞ்ஞான டீச்சர், கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றுக்குப் போய் ஒரு மரப்பெட்டியோடு திரும்பியிருந்தார். அதில் பாடங்கள் தயாராக இருந்தன. எந்த நிமிடத்தில் எதைக் காட்ட வேண்டும், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது வரை அச்சிட்டிருந்தார்கள். பாடம் முடிந்ததும் திருப்புதலுக்கு ஒரு விளையாட்டு. நூற்றிருபது அட்டைகள், முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். எதிரி கேட்கும் கேள்விக்குச் சரியாகச் சொன்னால் அட்டை உனக்கு. ஆனால் பெட்டி ஒன்று, பெண்கள் நாற்பது பேர்.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் அந்தப் பெட்டியைக் காட்டி வருத்தப்பட்டபோது நான் எழுந்து, "நான் அடித்துத் தருகிறேன்" என்றேன். அலுவலகத்தில் எனக்குத் தமிழ்த் தட்டச்சும், அடித்ததைப் பல பிரதிகளாக ஓட்டும் சைக்ளோஸ்டைல் வேலையும். மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு இரண்டு சனிக்கிழமை தங்கினேன். ஒரு தாளில் இடம், நடு, வலம் என்று மூன்று வரிசையாகப் பதினைந்து கேள்விகள். எட்டுத் தாள்கள். முதலில் கேள்விகளை ஓட்டி, உலரவிட்டு, தாளைத் திருப்பிப் பதில்களை ஓட்டினேன். வெட்டுவதற்கு முன் ஒரு தாளின் நடுவில் விரலை வைத்து, அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன பதில் இருக்கிறது என்று பார்த்தேன். வயிற்றில் சுரக்கும் அமிலம் எது, ஹைட்ரோகுளோரிக் அமிலம். திருப்தியாக வெட்டினேன்.

முதல் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மற்றவற்றைத் திங்கட்கிழமை பள்ளியில் கொடுத்தேன். டீச்சர் நன்றி சொன்னார். என்ன சொல்வது, மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தேன். மறுநாள் காலை மகளின் நெற்றியில் இரண்டு கொப்புளங்கள்.

சின்னம்மைதான். ஆனாலும் அம்மை அம்மைதான். என் மனைவி கேட்டில் வேப்பிலைக் கொத்துக் கட்டினாள். பால்காரர் பாத்திரத்தை வெளியிலிருந்தே ஊற்றிவிட்டுப் போனார். அலுவலகத்தில் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் யாரும் உள்ளே வரவில்லை, நாங்களும் யார் வீட்டுக்கும் போகவில்லை. வகுப்பில் திருப்புதல் நடந்த அத்தனை நாளும் அவள் பாயில் கிடந்து அட்டைகளைப் படித்தாள். கண் எரியாத நேரத்தில் நான் கேட்பேன், அவள் சொல்வாள், நான் திருப்பிப் பார்த்து "சரி" என்பேன். எத்தனை "சரி" சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

எலுமிச்சம்பழ அட்டைக்குப் பிறகு பாடப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். மாலைக்கண் நோய்க்கு அட்டையில் வைட்டமின் டி. புத்தகத்தில் ஏ. ஸ்கர்விக்கு அட்டையில் சி, புத்தகத்திலும் சி. எலும்பு வளைவதற்கு அட்டையில் ஏ. இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோவது சிரை என்றது அட்டை, தமனி என்றது புத்தகம். சில சரி, பல தப்பு. ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. எல்லாம் தப்பாக இருந்தால்கூடப் புரிந்திருக்கும்.

அதைவிட மோசமான ஒரு சந்தேகமும் வந்தது. பெட்டி புதிது, புத்தகம் பழையது. பாடத்திட்டத்தை மாற்றப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒருவேளை விஞ்ஞானமே மாறிவிட்டதோ? நான் விஞ்ஞானத்தில் முப்பத்தைந்து மார்க் வாங்கித் தேறியவன். இதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்?

"நீ படிச்சத மறந்துடும்மா" என்றேன் மகளிடம்.

"எதப்பா மறக்கணும்?"

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இதே அட்டைகள் நாற்பது வீடுகளில் இருக்கின்றன.

சட்டையை மாட்டிக்கொண்டு தாம்பரத்துக்கு ரயிலேறினேன். டீச்சர் வீடு பூட்டியிருந்தது. தங்கச்சி குழந்தைக்கு ஞானஸ்நானம், செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறார்கள், நாளை சாயந்திரம்தான் வருவார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு வழி தெரிந்த இன்னொரு வீடு அனகாபுத்தூரில் இருந்தது. என் மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண். நெசவுக் குடும்பம். பல்லாவரம் போய் பஸ் மாறி, ஆற்றோரச் சந்துகளில் விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி ஆகிவிட்டது.

தறிச் சத்தம் நின்றது. அவளுடைய அப்பா வாசலுக்கு வந்தார்.

"இன்னா சார், நீ அம்மை போட்ட வூட்டுக்காரர் தானே? அங்கயே நில்லு சார். தப்பா நெனச்சிக்காத. உள்ள பெரிய பொண்ணு மாசமா கீது."

தெருவிலேயே நின்றேன். "அம்மை எறங்கித் தண்ணி ஊத்தியாச்சுங்க. பரீட்சை விஷயமா ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். நான் அடிச்சுக் குடுத்த அட்டையெல்லாம் தப்பு. உங்க பொண்ண அதப் படிக்க வேணாம்னு சொல்லுங்க."

"தப்பா? எல்லாமா?"

"எல்லாம் இல்ல. சிலது."

"எது சார் தப்பு?"

"அதான் தெரியல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "படிச்சவரு நீ. நீயே தெரியலன்னா நா இன்னா சார் பண்றது? நாளன்னிக்குப் பரீட்ச வச்சிகினு இப்ப வந்து பேஜார் பண்றியே."

தறிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் தலையை நீட்டினாள். "சார், டீச்சர் அன்னிக்கே..."

"நீ உள்ள போ. ஒனக்கும் போட்டுச்சுன்னா யாரு பரீட்ச எழுதறது?" என்றார் அப்பா. கதவு சாத்திக்கொண்டது. நான் பேர் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டேன். தறி மறுபடியும் ஓடத் தொடங்கியது.

டீச்சர் அன்றைக்கே என்ன? நல்லது என்று சொன்னாரா? முழுவதையும் மனப்பாடம் செய்யச் சொன்னாரா? திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் என்னிடம் மணி கேட்டார். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வதற்கே தயக்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் புத்தகமும் அட்டையுமாக உட்கார்ந்தோம். தப்பானவற்றை நான் பென்சிலால் அடித்து மேலே சரியானதை எழுதினேன். சில கேள்விகள் புத்தகத்தில் எங்கே இருக்கின்றன என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் அறுபது அட்டை முடிந்தது. மகளைக் கேட்டுப் பார்த்தேன்.

"மாலைக்கண் நோய்?"

"டி... இல்ல, ஏ." என் முகத்தைப் பார்த்தாள். "டியா?"

"ஸ்கர்வி?"

"அதுவும் மாறிடுச்சாப்பா?"

"இல்ல, அது மாறல."

அட்டையைத் தரையில் வைத்தாள். "எனக்கு இப்ப ரெண்டு ரெண்டா தோணுதுப்பா. எல்லாமே சரி மாதிரியும் இருக்கு, எல்லாமே தப்பு மாதிரியும் இருக்கு. நேத்து வரைக்கும் எனக்கு எல்லாம் தெரிஞ்சுது." அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நெற்றித் தழும்பு இன்னும் மங்கியிருக்கவில்லை.

"நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா" என்றாள் மனைவி. இருபது வருடத்தில் அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

நாலே காலுக்குக் கேட் திறக்கும் சத்தம். செங்கல்பட்டு வண்டியிலிருந்து இறங்கி டீச்சர் வந்திருந்தார். ஞானஸ்நானத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு, ஒரு கையில் கேக் பொட்டலம், மறு கையில் அந்த மரப்பெட்டி.

"உள்ள வரலாமா சார்? எனக்குச் சின்ன வயசுலேயே போட்டாச்சு, பயமில்ல. லெட்டருக்குப் பதிலே வரலியேன்னு இறங்கினேன். போகும்போதே பெட்டியை எடுத்துக்கிட்டேன்."

"எந்த லெட்டர்?" என்றேன்.

"அட்டையில பதிலெல்லாம் இடம் மாறியிருக்குன்னு ரெண்டு வாரம் முன்னாடியே எழுதிக் குடுத்தேனே. பொண்ணுங்க ரெண்டு பேர் கொண்டுவந்தாங்க. உள்ள வரக்கூடாதுன்னு கேட்ல வேப்பிலைக் கொத்துக்குள்ள செருகிட்டோம், கண்டிப்பா பாத்துடுவாங்கன்னு சொன்னாங்க."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் பிரிச்சே பாக்கல டீச்சர். வாட வாட அப்படியே சுருட்டி ஏரியில விட்டுட்டேன். அம்மனுக்குக் கட்டினத யாராவது கிளறிப் பாப்பாங்களா?"

டீச்சர் கேக் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்தார். இடது ஓரத்தில் எலுமிச்சை என்று எழுதினார், நடுவில் வயிறு, வலது ஓரத்தில் எறும்பு. தாளைப் புத்தகப் பக்கம் போலத் திருப்பி என்னிடம் நீட்டினார். "இப்ப எலுமிச்சைக்குப் பின்னாடி எது சார், இடமா, வலமா?"

பார்த்தேன். திருப்பிய தாளில் எலுமிச்சைக்குப் பின்புறம் வலது ஓரம். நான் பதில்களையும் இடமிருந்து வலமாகவே அடித்திருந்தேன். ஓரம் இரண்டும் இடம் மாறிவிட்டன, நடு வரிசை மட்டும் தப்பித்தது. ஒரு தாளுக்கு ஒரு பாடம் என்று அடுக்கியதால், அமிலத்துக்குப் பதில் அமிலமே வந்தது, வைட்டமினுக்கு வைட்டமின். இருபது வருடமாக இரண்டு பக்கமும் ஓட்டுகிறேன். சுற்றறிக்கையில் பின்பக்கத்துக்கு முன்பக்கத்தோடு பேச்சுவார்த்தை கிடையாது.

"க்ளாஸ்ல பத்து நிமிஷம்கூட ஆகல சார், கண்டுபிடிச்சிட்டாங்க" என்றார் டீச்சர். "எதிர்ல இருந்தவ எறும்புக்கு ஃபார்மிக்னு சொன்னா, அனகாபுத்தூர் பொண்ணு அட்டையைத் திருப்பிச் சிட்ரிக்னு படிச்சா. நான் சொன்னதுதான் சரி, அட்டையைக் குடுன்னு அவ சண்டை. அன்னிலேர்ந்து எந்த அட்டை பொய் சொல்லுதுன்னு கண்டுபிடிக்கறதுதான் விளையாட்டு. நான் பாடம் எடுத்தப்போ இவ்வளவு ஆசையா படிச்சதில்ல அதுங்க."

எனக்கு நிம்மதி வர வேண்டும். முப்பத்தொன்பது பெண்கள் தப்பித்துவிட்டார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தவள் மட்டும் பாக்கி.

டீச்சர் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "எழுந்திரு. நீ யார்கூட விளையாடின?"

"தனியாத்தான் படிச்சேன் டீச்சர். அப்பா கேள்வி கேட்டாரு."

"நீ சொன்னதுக்கு என்ன சொன்னாரு?"

"சரின்னாரு."

டீச்சர் என் பக்கம் பார்க்கவில்லை. அதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

"இப்ப எல்லாம் ரெண்டு ரெண்டா வருது டீச்சர். எது சரின்னு தெரியல."

"ரெண்டு வருதா? அப்போ சரியானதும் அதுல இருக்கு, எங்கயும் போயிடல. ஒண்ணைத் துரத்தணும், அவ்வளவுதான்." என் அட்டைக் கட்டை ரப்பர் பேண்டோடு எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். மரப்பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்த அட்டைகளைக் கலைத்துப் பாயில் கவிழ்த்து வைத்தார். மகள் எழுந்து உட்கார்ந்து பின்னலை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். வெளியே போய்விடலாமா என்று யோசித்தபோது டீச்சர் நிமிர்ந்தார்.

"நீங்களும் உக்காருங்க சார், மூணு பேரா ஆடலாம். ஆனா நீங்க அட்டையைத் திருப்பிப் பாக்கக் கூடாது. அவ தப்பா சொன்னா, தப்புன்னு நீங்களாவே சொல்லணும்."