கண்ணுக்குக் கீழே போட்ட ஊசி

எனக்கு நாற்பத்தேழு வயது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஓர் ஆலையில் செக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். அடியில் விளக்கு எரியும் மேசைமேல் வெள்ளைத் துணி ஓடிக்கொண்டே இருக்கும். முடிச்சு, கறை, இழை விட்ட இடம் எதுவானாலும் என் கண் பிடித்துவிடும். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தக் கண்ணுக்குக் கீழே முப்பது வயதிலிருந்தே தோல் கருத்து, மெலிந்து, சுருங்கிக் கிடந்தது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து போனாலும், "என்னக்கா, ராத்திரி தூங்கலையா?" என்று யாராவது கேட்பார்கள்.

ஒருமுறை துணி வாங்க வந்த கம்பெனிக்காரர் ஒருவரிடம் நின்றபடி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "முடியலைன்னா உக்காந்து சொல்லுங்கம்மா" என்றார். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இதற்கு ஒரு வழி பார்ப்பதென்று.

ராஜபாளையத்தில் தோல் டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தாலும் தெரிந்தவர்கள் நாலு பேர் இருப்பார்கள். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்ப்பதாக வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டதும் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"இந்த வயசுல எதுக்குட்டி இதெல்லாம்? யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்லா. தெனமும் கண்ணாடியில."

மடித்த தாளை மறுபடியும் விரித்தார். "சரி, என்னைக்குன்னு சொல்லு. வண்டியில கூட்டிட்டுப் போறேன்."

டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். என்னை மேலே பார்க்கச் சொல்லி, கண்ணுக்குக் கீழே தோலை விரலால் இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். "தோல் மெலிசா இருக்கும்மா, நிறமும் கருத்திருக்கு. எலும்பு ஓரத்துல ஒரு பள்ளமும் இருக்கு. உங்க ரத்தத்தையே எடுத்து, அதுல பிளாஸ்மாவை மட்டும் பிரிச்சு அங்கேயே ஊசியா போடலாம். பி.ஆர்.பி.ன்னு சொல்லுவோம். சுருக்கம் குறையும், நிறம் ஓரளவு தெளியலாம். பள்ளம் போகாது. அதை இப்பவே சொல்லிடுறேன்."

போகாது என்று அவர் நேராகச் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ரத்தம் குறைவு என்று வந்தது. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, "மொதல்ல இது சரியாகட்டும், மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று மாதம் மாத்திரையும் முருங்கைக் கீரையுமாகப் போனது. படியேறினால் மூச்சு வாங்குவது நின்றது. அது வயதினால் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

முதல் ஊசி ஒரு சனிக்கிழமை. முகத்தில் மரத்துப் போகும் களிம்பைத் தடவி உட்கார வைத்தார்கள். கையில் எடுத்த ரத்தத்தைக் குழாயில் ஊற்றி ஒரு மெஷினில் வைத்துச் சுற்றவிட்டார்கள். வெளியே எடுத்தபோது அடியில் சிவப்பு தங்கி, மேலே தேங்காய் எண்ணெய் போலத் தெளிவான மஞ்சள் நீர் நின்றது. எனக்குள் இப்படி ஒரு நிறம் இருப்பது தெரியாதே என்று நர்ஸிடம் சொல்லி அதை போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஊசி வலித்ததைவிட அழுத்தியதுதான் அதிகம். "ரெண்டு மூணு நாள் வீங்கும், ரத்தம் கட்டினாலும் கட்டலாம். பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா.

திங்கட்கிழமை காலையில் கண்ணாடியைப் பார்த்தேன். இரண்டு கண்ணுக்குக் கீழேயும் நாவல்பழ நிறத்தில் கன்றிப் போயிருந்தது.

"லீவு போடு" என்றார் வீட்டுக்காரர்.

"உடம்பு நல்லாத்தான இருக்கு. எதுக்கு லீவு?"

வழக்கம்போல அவர்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். ஆலை வாசலில் இருக்கும் வாட்ச்மேனும் முன்னாள் பட்டாளத்துக்காரர்தான். தினமும் என் வீட்டுக்காரருக்கு ஒரு சல்யூட் வைப்பவர், அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார். கை மேலே எழவில்லை. இவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார். உள்ளே போனால் வாய் ஓயாத என் பிரிவே அமைதியாக இருந்தது. தூங்கலையா என்று யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கே விளங்கியது, வீட்டுக்காரர் அடித்ததாக நினைத்துவிட்டார்கள் என்று. சிரிப்பாக வந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அதற்கு முன்னால், கை கழுவும் இடத்துக்கு பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி என் பின்னாலேயே வந்தாள். முப்பது வயதிருக்கும். இரண்டு வருஷத்தில் என்னிடம் பத்து வார்த்தை பேசியிருப்பாள்.

"அக்கா, ஐஸ் மொத நாளு மட்டும்தான் வைக்கணும். இனிமே வெதுவெதுப்பா ஒத்தடம் குடுங்க. நாலாம் நாளு பச்சையாவும், பொறவு மஞ்சளாவும். மஞ்சளானதும் பவுடர் போட்டா தெரியாது. ஓரத்துல மட்டும் அழுத்தாதீங்க."

நான் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்ன கணக்கு மனதில் உறைத்தது. நாலாம் நாள் பச்சை, அப்புறம் மஞ்சள்.

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

அவள் குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடியும் கழுவினாள்.

"இது ஊசிம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல டாக்டர்ட்ட போட்டது" என்றேன்.

"நான் மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லுவேன்க்கா" என்றாள்.

போனை எடுத்து அந்த மஞ்சள் நீர்க் குழாயையும், ஊசி போடுமுன் நர்ஸ் எடுத்த என் படத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். நம்பினாள். நம்பியதும் முகம் வெளிறிவிட்டது. தன்னைப் போல் இன்னொருத்தி என்று நினைத்துத்தான் பேச வந்திருக்கிறாள்.

"யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா."

"நீ சொல்லாம சொல்ல மாட்டேன். ஆனா எனக்குத் தெரியாத மாதிரி இனிமே இருக்க முடியாது. எம்புட்டு நாளா?"

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிக் காட்டினாள். அங்கே பச்சையும் மஞ்சளும் சேர்ந்தே இருந்தன.

அன்று சாயங்காலம் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரர் கடுகடுவென்று இருந்தார். "வாட்ச்மேன் என்னய நேராவே கேட்டுட்டான். பட்டாளத்துல இதத்தான் படிச்சுக் குடுத்தாங்களான்னு. வண்டியில கெடந்த ஊசிச் சீட்டக் காட்டுன பொறவுதான் கை குடுத்தான்."

எனக்கு அந்த வாட்ச்மேன்மேல் மரியாதை கூடியது. கேட்டாரே. நான் இரண்டு வருஷமாக அந்தப் பெண் முழுக்கைச் சட்டை போட்டு வருவதைப் பார்த்தும் கேட்கவில்லை. துணியில் ஓர் இழை விட்டால் பிடிக்கிற கண் எனக்கு.

ஒரு வாரம் அவள் யோசித்தாள். பிறகு தானே வந்து, "தேவதானத்துல எங்கண்ணன் இருக்கான்க்கா, அவன்ட்ட சொல்லணும். நீங்க பக்கத்துல இருங்க" என்றாள். என் போனில் இருந்துதான் பேசினாள். மறுநாள் அண்ணன் வந்தான். மகளிர் காவல் நிலையத்துக்கு நானும் கூடப் போய் உட்கார்ந்திருந்தேன். புருஷனைக் கூப்பிட்டு, இனி கை வைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். அவளுடைய துணிமணியும் தையல் மெஷினும் எடுக்க அண்ணனோடு என் வீட்டுக்காரரும் போனார். மெஷினை அவர்தான் தூக்கி ஆட்டோவில் வைத்தாராம். இப்போது தேவதானத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆள் விட்டுச் சமாதானம் பேசுகிறான் புருஷன். "வாரேன்னு சொல்லலக்கா, வரமாட்டேன்னும் சொல்லல. இப்போதைக்கு இங்க நல்லாருக்கேன்" என்கிறாள்.

நான் மாதம் ஒன்றாக இன்னும் இரண்டு ஊசி போட்டுக்கொண்டேன். அப்போதும் லீவு போடவில்லை. முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மூன்றாவது ஊசிக்குப் பிறகு மெதுவாகத் தெரிந்தது. தோல் கொஞ்சம் தடித்திருக்கிறது. சிரித்தால் விழும் மெல்லிய கோடுகள் குறைந்துவிட்டன. கருப்பு முழுதாகப் போகவில்லை, பாதி தெளிந்திருக்கிறது. பள்ளம் அப்படியேதான். எங்கள் பிரிவில் நாலைந்து பேர் என்னிடம் விசாரித்தார்கள். டாக்டரம்மா எனக்குச் சொன்னதையே சொன்னேன், போகாததையும் சேர்த்து. ரத்தப் பரிசோதனையை மட்டும் எல்லோரையும் எடுக்கச் சொன்னேன். அதில் மூன்று பேர் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

போன வாரம் ஆலையின் புது அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஓர் ஆள் வந்தார். என் முறை வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேமராவை நேராகப் பார்த்தேன். ஒரே தடவையில் சரியாக வந்தது.