காலர் மைக்கில் கேட்ட குரல்

அவருக்கு 'சவுண்டு' என்று பெயர் வைத்தவர் யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. குறும்புக்காரராகத்தான் இருக்க வேண்டும். பொழுது விடிந்து பொழுது சாயும்வரை ஒலிபெருக்கிகளுக்கும் ஆம்ப்ளிஃபயர்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாலும், அவர் வாயிலிருந்து வார்த்தை வருவது அபூர்வம். பழுதான ரேடியோவைக் கடைக்குக் கொண்டுபோனால், "எப்பலேருந்து?" என்று வியாதியை விசாரிப்பது போலக் கேட்பார். பதிலை வாங்கிக்கொண்டு, "வச்சிட்டுப் போங்க" என்பார். பேச்சு அத்தோடு முடிந்தது.

கடை என்பது ஒற்றை அறை. ஷட்டரைத் தூக்கினால் காய்ச்சிய ஈயத்தின் வாசனை முகத்தில் அடிக்கும். உள்ளே திறந்து போட்ட பெட்டிகள், கிழிந்த ஸ்பீக்கர் காகிதங்கள், சுருண்டு கிடக்கும் ஒயர்கள். வாரத்தில் ஆறு நாள் அங்கே இருப்பார். ஏழாவது நாள் பிரார்த்தனைக் கூடத்தில் மைக் செட் அவர் பொறுப்பு. அதை அவர் வேலையாக நினைத்ததே இல்லை. அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து அவருக்கு அந்தக் கூடம் பழக்கம். பாடத் தெரியாது, மேடையேறிப் பேசத் தெரியாது. ஆண்டவருக்குத் தன்னால் ஆனது கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் குரல் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வதுதான் என்று மனதார நம்பினார்.

அவருடைய மேஜை கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம். அதில் நிறையத் திருகிகள் கொண்ட மிக்சர். தலையில் ஹெட்ஃபோன். ஆராதனை தொடங்குவதற்கு முன்பே போதகர் பின்னறையில் காலர் மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு விடுவார். குத்தியவர் அதை ஆஃப் செய்து வைக்க மாட்டார். அந்தச் சத்தம் கூடத்துக்குள் போகாதபடி சவுண்டு அடைத்து வைத்திருப்பார். ஆனால் மைக் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, தன் காதில் மட்டும் கேட்கும்படி விட்டிருப்பார். ஆகவே போதகரின் பின்னறை வாழ்க்கை முழுவதும் வாராவாரம் அவர் காதுக்குள் நடந்தது.

முதலில் வாய்ச் சத்தம். நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரியும்போது ஒட்டிய பிளாஸ்திரியை உரிப்பது போல ஒரு சத்தம் வரும். மிட்டாய் பல்லில் உருளும். ஏப்பம் வரும். அதன்பின் பேச்சு. வந்திருப்பவர்களின் உடை, வராதவர்களின் குணம், போன வாரம் கொடுத்த டீ வாயில் வைக்க வழியில்லாமல் இருந்தது, பக்கத்துக் கூடத்தில் ஆள் அதிகமாமே என்ற எரிச்சல். சவுண்டு முகம் சுளித்துவிட்டு, மனுஷன்தானே என்று விட்டுவிடுவார். ஆனால் ஆராதனை முடிந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அந்த மிட்டாய் உருளும் சத்தம் காதில் கேட்கும். தட்டைத் தள்ளி வைப்பார்.

"என்ன, சாப்பாடு பிடிக்கலையா?" என்பார் மனைவி.

"உன் சாப்பாட்டுல ஒண்ணுமில்ல" என்பார்.

சவுண்டுக்கு ஓர் அக்கா. அடுத்த தெருவில் தனியாக இருந்தார். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகளைப் படிக்க வைத்து, ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் வேலையில் அவள் சேர்ந்து, இனி கொஞ்சம் காலை நீட்டலாம் என்று நினைத்த சமயத்தில், காய்ச்சல் என்று படுத்த பெண் எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து அக்கா ஓர் ஆராதனையையும் தவறவிட்டதில்லை. மனபாரம் உள்ளவர்கள் முன்னே வரலாம் என்று போதகர் அழைத்ததும் முதலில் எழுவது அக்காதான். மேடைக்குக் கீழே போய் மண்டியிடுவார். போதகர் இறங்கி வந்து தலையில் கை வைப்பார். அக்கா தோள் குலுங்க அழுவார். பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிக்கு, அக்காவின் பாரத்தை யாரோ இறக்கி வைக்கிறார்கள் என்று ஆறுதலாக இருக்கும்.

ஒரு வாரம், பாட்டுகள் முடிந்து போதகர் எழுந்திருக்கும் நேரம். பக்கத்து நாற்காலியில் கூடத்தின் செயலாளர். சவுண்டு இன்னும் காலர் மைக்கைக் கூடத்துக்குத் திறந்துவிடவில்லை. காதில் மட்டும் கேட்டது.

"வந்திருக்கா பாருங்க அந்த அழுமூஞ்சி, முன்னாலயே. தலை முழுக்க எண்ணெய். கை வச்சா பிசுபிசுன்னு ஒட்டுது. வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டாலும் போக மாட்டேங்குது. அந்த கர்ச்சீஃபை எடுத்துக் கையில வச்சுக்கங்க, முடிஞ்சதும் கொடுங்க."

செயலாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் மைக்கில் விழுந்தது.

அடுத்த நிமிடம் போதகர் மேடையில் நின்றார். முறைப்படி சவுண்டு மைக்கைத் திறந்துவிட்டார். போதகர் மனபாரம் உள்ளவர்களை அழைத்தார். அக்கா எழுந்து போனார். போதகர் கீழே இறங்கி, கண்களை மூடி, கையை அக்காவின் தலையில் வைத்து, தழுதழுத்த குரலில், "மகளே" என்றார்.

அந்தக் குரல் தாழ்ந்ததும் சவுண்டின் இடது கை தானாகவே போய் எதிரொலித் திருகியைக் கொஞ்சம் கூட்டியது. இத்தனை வருடமாக அந்த இடத்தில் அப்படித்தான் கூட்டுவார். கூட்டினால் அந்தக் குரல் எங்கோ உயரத்திலிருந்து இறங்கி வருவது போல இருக்கும். ஜனங்கள் கண்ணைத் துடைப்பார்கள். தன் விரல் செய்ததைத் தானே பார்த்தார். ஹெட்ஃபோனின் பஞ்சு காதில் ஈரமாக ஒட்டுவது போல, அந்த வாய்க்குள்ளேயே தன் தலையை விட்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார். குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்தார். உள்ளே எதிரொலி குறைக்க ஆளில்லாமல், போதகரின் கடைசி வார்த்தைகள் எல்லாம் மூன்று மூன்று தடவை கேட்டன.

மறுநாள் செயலாளரைத் தேடி அவர் வீட்டுக்குப் போனார். செயலாளர் ஓய்வு பெற்ற அதிகாரி. முன்னறையில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய நகங்கள் டீப்பாயின் மேல் ஒரு சிறு குவியலாக இருந்தன. சவுண்டு தான் கேட்டதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி செயலாளர் பார்த்ததில்லை.

"அது உங்க காதுக்கு ஏன் வந்துச்சு?" என்றார் செயலாளர்.

"மைக் ஆன்ல இருந்துச்சு."

"அதைத்தான் கேக்குறேன். மியூட் பண்ண வேண்டியது உங்க பொறுப்பு இல்லையா?"

சவுண்டு டீப்பாயின் மேலிருந்த நகக் குவியலைப் பார்த்தார்.

"பெரிய மனுஷங்க நாலு வார்த்தை தமாஷா பேசிக்குவாங்க. அதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டா முடியுமா? நீங்க பாட்டுக்கு வாங்க, உங்க வேலையைப் பாருங்க."

"நான் இனிமே வரலைங்க."

செயலாளர் நகவெட்டியைக் கீழே வைத்தார். "இந்த மாதிரி பேசாதீங்க. ஆராதனைக்கு வராம வீட்டுல உக்காந்துக்கிட்டா விசுவாசம் கொஞ்சம் கொஞ்சமா காஞ்சு போயிடும். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

"காஞ்சா பரவாயில்லைங்க. அங்க இருந்தா அழுகிடும் போல இருக்கு."

சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அடுத்த வாரம் யாரோ ஒருவருடைய மருமகன் அந்த மேஜையில் உட்கார்ந்தான். ஸ்பீக்கர் வீல் வீலென்று கத்தியது என்று சொன்னார்கள்.

போகாவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தார். ஏழாம் நாள் காலையில் குளித்துவிட்டு, வீட்டின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஆண்டவரும் தானும் மட்டும், நடுவே ஒயர் கிடையாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். கண்ணை மூடி, "ஆண்டவரே" என்றார். அந்தச் சொல் போதகரின் குரலில் வந்தது, தழுதழுப்போடு, எதிரொலியோடு. அதன் பின்னாலேயே மிட்டாய் உருண்டது. வேறு சொல்லைத் தேடினார். கருணை என்றார், கிருபை என்றார், மன்னிப்பு என்றார். எல்லாச் சொல்லிலும் அந்த எச்சில் இருந்தது. யாரோ சப்பித் துப்பியதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வது போல இருந்தது. எழுந்து போய் வாய் கொப்பளித்தார்.

இப்படியே சில வாரங்கள் போயின. கோபம் ஆறிவிட்டது, அருவருப்புதான் ஆறவில்லை. தெருவில் போதகரின் கார் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது போதாதென்று தன் இடது கையைப் பார்த்தாலும் பிடிக்கவில்லை. அக்காவின் கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்தால் அவர் உடைந்துபோவார் என்று பயம்.

அக்கா அவரைத் தேடிக் கடைக்கே வந்தார். ஸ்டூலில் கிடந்த பெட்டியைத் தானே தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்னடா, கூடத்துப் பக்கம் தலையே காட்டுறதில்ல?"

"வேலை இருக்குக்கா."

"பொய் சொன்னா நீ மூக்கைத் தொடுவ. சின்ன வயசுலேருந்து அப்படித்தான். கையை எடு."

சவுண்டு கையை எடுத்தார்.

"சரி, நீ ஆராதனைக்கு வா, வராட்டிப் போ. அது உன் இஷ்டம். ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். கூடத்தை மட்டும் விட்டியா, இல்ல ஆண்டவரையே விட்டுட்டியா?"

"தெரியலக்கா" என்றார். அது உண்மை. பிறகு, மறைத்து வைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னார். அழுமூஞ்சி என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார். எண்ணெய், பிசுபிசுப்பு, கர்ச்சீஃப் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்து நிமிர்ந்தால், அக்கா அழவில்லை.

"இதுக்கா இத்தனை நாளா ஓடி ஒளிஞ்சே? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? கண்ணை மூடினா தலையும் மரத்துப் போயிடுமா? கையை வைக்கிறப்பவே விரல் நுனியாலதான் வைப்பான். பல்லி மேல விழுந்த மாதிரி எடுப்பான். எடுத்ததும் துடைக்கிற சத்தம் எனக்குக் கேக்கும்."

"தெரிஞ்சுமா போறே?"

"தெரிஞ்ச நாள்லேருந்து இன்னும் ஒரு கை எண்ணெய் கூடவே வச்சுக்கிட்டுப் போறேன்."

சவுண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

"அவனைப் பார்த்தா எனக்கு மட்டும் குமட்டாதா? உன்னைவிட எனக்குத்தான் கிட்டத்துல வர்றான். வாயில இஞ்சி மிட்டாய் நாத்தம். ஆனா அவனுக்காகவா நான் போறேன்? வீட்டுல தனியா உக்காந்து கும்பிட்டா, என் அழுகை மட்டும்தான் எனக்குக் கேக்குது. கொஞ்ச நேரத்துல எனக்கே அது பிடிக்காமப் போயிடுது. அங்க போனா என் பக்கத்துல ஒரு பொம்பளை உக்காருவா. சந்தையில மீன் வெட்டுறவ. கையெல்லாம் அந்த வாடை. பாட்டு வர்றப்போ என் கையைப் பிடிச்சுக்குவா. அவளுக்கு என்ன கஷ்டம்னு நான் கேட்டதில்ல. அவளும் கேட்டதில்ல. அந்த வாடையோட வீட்டுக்கு வந்தா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வருது. இதுதான் விசுவாசமான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

"எனக்கு அப்படி யாரும் இல்லையேக்கா. நான் பின்னால தனியாத்தானே உக்காந்திருந்தேன்."

அக்கா அவரைப் பார்த்தார். "ஆமா. உனக்கு அவன் வாய் மட்டும்தான் கிடைச்சிருக்கு" என்றார். "பாவம்டா நீ."

அதற்குப் பிறகு அக்கா அவரை வரச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் அக்காவுக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போனதும் தம்பிதான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. சில வாரங்கள் வாசலில் விட்டுவிட்டு மதிலோரம் நின்றார். ஒரு வாரம் மழை வலுத்தது. வேறு வழியில்லாமல் உள்ளே போனார். காதுகளில் பஞ்சை அடைத்துக்கொண்டு, அக்காவின் வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார்.

சத்தம் போய்விட்டது. ஆனால் வாய் தெரிந்தது. மேடையில் அது திறந்து திறந்து மூடியது. சத்தமில்லாமல் பார்க்க அது இன்னும் மோசமாக இருந்தது. கண்களையும் மூடிக்கொண்டார். பாட்டு தொடங்கியிருக்க வேண்டும். உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பலகை லேசாக அதிர்ந்தது. அந்த வரிசையில் இருந்த அத்தனை பேரின் நெஞ்சிலிருந்தும் ஏதோ பலகைக்குள் இறங்கித் தன் முதுகில் ஏறுவது போல இருந்தது. வார்த்தை ஒன்றும் இல்லை. அவருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தார்.

"என்ன, கும்பிட்டியா?" என்று வெளியே வந்ததும் அக்கா கேட்டார்.

"பலகை அதிர்ந்துச்சு."

"அது பின்னால ஓடுற ஜெனரேட்டராக்கூட இருக்கும்."

"இருக்கும்" என்றார் சவுண்டு.

இப்போதும் சில வாரம் உள்ளே போகிறார், சில வாரம் போவதில்லை. போகாத வாரத்தில் காலையில் கடைக்கு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எந்தப் பெட்டியையும் திறக்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அதுவும் பிரார்த்தனைதானா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. மிக்சர் பக்கம் அவர் மறுபடி போகவே இல்லை. செயலாளர் இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். போதகர் அதே போதகர்தான், அதே குரல்தான்.

உள்ளே போகிற வாரங்களில், ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் கை கொடுப்பதற்காகப் போதகர் வாசலுக்கு வந்து நிற்பார். அவர் மேடையிலிருந்து இறங்குவதற்குள் சவுண்டு வண்டியைக் கிளப்பி உறுமவிட்டிருப்பார். அக்கா ஒரு கையில் செருப்பும் ஒரு காலில் செருப்புமாக நொண்டிக்கொண்டு வந்து, பாதி ஏறியும் ஏறாமலும் அவரைத் திட்டத் தொடங்குவார்.